சமையலறை ஜன்னலுக்கு எதிரே மூன்று பிர்ச் மரங்கள்

உப்மலி வீடு,
செசிஸ் அருகே.
ஏப்ரல் 19.

அன்புள்ள ராஸ்மாவுக்கு,

இங்கே நான் நலம். அயர்லாந்தில் நீயும், இங்குனாவும், மாப்பிள்ளையும், இரட்டைப் பேத்திகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் விட்டதும் என் முழங்கால் கொஞ்சம் மடங்க ஆரம்பித்திருக்கிறது. பூனை பெருத்துவிட்டது. நீ போனபிறகு அதை யாரும் திட்டுவதில்லை, அதுதான் காரணம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நாம் மூன்று நிமிடம் பேசினோம். அதில் இரண்டு நிமிடம் ஒரு பேத்தி உன் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு அந்த ஊர்ப் பேச்சில் என்னவோ கேட்டாள். நானும் சரி சரி என்று சொல்லிவைத்தேன். எதற்குச் சம்மதித்தேன் என்று இன்றுவரை தெரியாது. மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில் நீ, "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா?" என்று கேட்டாய். இரண்டுக்கும் ஆமாம் என்றேன். மாத்திரை விஷயத்தில் அது பொய்.

இப்போது உட்கார்ந்துகொள். மரங்களை வெட்டிவிட்டேன்.

ஆமாம், அந்த மூன்று பேரையும்தான். சரியாகச் சொன்னால் இரண்டு பேரை. இந்த வீட்டுக்குக் குடி வந்த வாரம், சாலையோரப் பள்ளத்தில் இடுப்பளவு நின்ற மூன்று பிர்ச் கன்றுகளை நான் பிடுங்கி வந்து நட்டேனே, அப்போதே நீ சொன்னாய், "ஜன்னலுக்கு நேரா வைக்காதே, பத்தடி தள்ளி வை" என்று. சின்னச் செடிதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நான் காதில் வாங்கவில்லை. அவை வீட்டைப் போல இரண்டு மடங்கு வளர்ந்தன. பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மரம் என்று எனக்குப் பெருமை. உனக்கோ, "பட்டப்பகல்ல விளக்கு போட்டு உருளைக்கிழங்கு உரிக்கிறவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான்" என்கிற எரிச்சல். பழைய ஜன்னல்களை வைத்து நான் கட்டித்தந்த கண்ணாடிக் கூடாரத்தில் உன் தக்காளி செப்டம்பர் வரைக்கும் பச்சையாகவே தொங்கும். ஆகஸ்டில் தவிடு மாதிரி விதை பறந்து வந்து உன் காப்பியில் விழும். வருடா வருடம் கேட்டாய். வருடா வருடம் நான் தலையை ஆட்டினேன், மாட்டேன் என்று.

மார்ச்சில் இங்குனா போனில், "அம்மா யாணித் திருவிழாவுக்கு அங்க வந்தாலும் வருவாங்கப்பா" என்றாள். வந்தாலும் வருவாங்க என்றுதான் சொன்னாள், எனக்கு வருகிறாள் என்று கேட்டது. மூன்று மாதம் பேத்திகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள், மூன்று வருடம் கழித்து வரப்போகிறாள். வாசலில் கால் வைத்ததும் சமையலறை முழுக்க வெயில் இருக்க வேண்டும். அதுதான் என் திட்டம்.

மரம் ஏறுகிற ரைதிஸைக் கூப்பிட்டேன். நூலகத்தில் வேலை பார்த்தாளே அந்த அம்மாளின் மகன், நினைவிருக்கும். வந்தான், அண்ணாந்து பார்த்தான், பட்டையில் காதை வைக்காத குறை. "ஓயார்ஸ் ஐயா, இப்ப சாறு ஏறுற நேரம். நீங்களே போன வாரம் நடு மரத்துல துளை போட்டு வாளி மாட்டியிருக்கீங்க. ஆகஸ்ட் கடைசில கூப்பிடுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். ஜூனில் வருகிற யாணி ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்குமா? செய்தித்தாளில் விளம்பரம் பார்த்து வேறொருவனைப் பிடித்தேன். கூடை வைத்த கிரேன் வண்டியோடு வந்தான். எந்த மரம், என்ன மாதம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரை நாளில் இரண்டு மரத்தின் தலையைப் பாதியோடு எடுத்துவிட்டான். மூன்றாவது மரம் கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் வண்டி போகவில்லை. அது தப்பித்தது.

வெளிச்சம் வந்துவிட்டது ராஸ்மா. அடுப்பு வரைக்கும் வருகிறது. மரங்கள் கொஞ்சம் சொட்டுகின்றன. அது நின்றுவிடும், கவலைப்படாதே.

டிக்கெட் எடுத்ததும் நாளைச் சொல். பஸ் நிறுத்தத்துக்கு வந்து நிற்பேன்.

எப்போதும் போல் உன்னுடைய,
ஓயார்ஸ்.

---

உப்மலி,
ஜூன் 27.

அன்புள்ள ராஸ்மா,

பேத்திகளுக்கு அம்மை இறங்கிவிட்டதா? சொறிய விடாதே, நகத்தை வெட்டிவிடு. இங்குனாவுக்கு வந்தபோது நீ கைக்குப் பழைய காலுறை மாட்டிவிட்டாயே, அதே மாதிரி செய்.

அம்மை போட்டால் எப்படி வரமுடியும்? எனக்குப் புரிகிறது. யாணிக்குச் செய்த பாலாடைக்கட்டி மட்டும் அதிகமாகப் போய்விட்டது. நாமிருவரும், வருகிறவர்களும் என்று கணக்குப் போட்டுச் சீரகம் தூவி மூன்று உருண்டை கட்டியிருந்தேன். பக்கத்து வீட்டு எல்மார்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். மீதியை நானும் பூனையும் தின்கிறோம்.

போன கடிதத்தில் மரம் கொஞ்சம் சொட்டுகிறது என்று எழுதினேன். கொஞ்சம் இல்லை. உன்னிடம் முழுசாகச் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. வெட்டின அன்று மாலையே ஆரம்பித்தது. வெட்டுவாயிலிருந்து வழிந்து, தண்டு முழுவதும் நனைந்து, கூரைத் தகரத்தில் தட் தட் என்று மூன்று வாரம் விழுந்தது. மழை இல்லாத நாளில் என் வீட்டுக் கூரையில் மட்டும் மழை. வாளி வைத்தேன், தொட்டி வைத்தேன், நீ ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடியைக்கூட வைத்தேன் (உடையவில்லை). வெயில் ஏறினதும் அந்தச் சாறு புளித்து, வெள்ளைப் பட்டையெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் கூழ் பிடித்தது. ஜன்னல் கண்ணாடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, அதில் ஊர்ப்பட்ட ஈ. நீ கேட்ட வெளிச்சம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் வந்தது.

எல்மார்ஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று ஆற அமரப் பார்த்தான். "ஊர்ல அவனவன் ஒரு துளை போட்டு ரெண்டு வாளி எடுத்துட்டு ஆப்பு வெச்சு அடைப்பான். நீ தலையையே சீவி வெச்சிருக்கியேடா. என்ன, ரீகா பட்டணத்துக்கே சாறு அனுப்பப் போறியா?" என்று கேட்டான். எழுபது வயதுக்காரன் வேலி மேல் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். குழந்தைகூட அறியும், சாறு ஓடும்போது பிர்ச்சில் கத்தி வைக்கக் கூடாது என்று. நாற்பது வருடமாக வசந்தம் வந்தால் துளை போட்டு வாளி மாட்டுகிறவன் நான். தெரியாமல் செய்தேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. தெரிந்தேதான் செய்தேன். நீ வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம்.

வழிந்ததை வீணாக்கவில்லை. வடிகட்டி, உலர்திராட்சையும் வாசனைக்குப் பிளாக்கரண்ட் செடிக் குச்சியும் போட்டுப் புட்டியில் அடைத்து நிலவறையில் வைத்திருக்கிறேன். இரண்டு வெடித்துவிட்டன. குடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மே பிறந்தது, ஊரெல்லாம் பச்சை. நம் நடு மரம் ஓர் இலைகூட விடவில்லை. அறுத்த கம்பம் மாதிரி நிற்கிறது. கிழக்கே இருப்பது பக்கவாட்டில் நாலு குச்சியில் நோஞ்சான் இலை விட்டிருக்கிறது. யாணிக்கு வாசலில் கட்ட இளங்கிளை வேண்டுமே. கிணற்றோர மரத்தில் கத்தி வைக்க மனம் வரவில்லை. கடைசியில் எல்மார்ஸிடம் போய்க் கேட்டேன். வீட்டுக்கு முன்னால் மூன்று பிர்ச் வைத்திருக்கிறவன் அடுத்த வீட்டில் போய் பிர்ச் கிளை கேட்கிறான்! அவன் மனைவி வெல்தா கை நிறைய வெட்டிக் கொடுத்தாள். "ராஸ்மா வரலையா?" என்று கேட்டாள். அம்மை என்றேன். "ஓ, அம்மையா" என்றாள். அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் காலை இங்குனா பேசினாள். உன்னிடம் சொல்லியிருப்பாள், அல்லது நீ பக்கத்திலேயே இருந்தாயோ என்னவோ. "அப்பா, ஒத்தை ஆளா அங்க கிடந்து என்ன பண்ணப் போற? ரீகாவுல ஒரு குடும்பம் பழைய வீடு தேடிக்கிட்டிருக்காங்க. அக்டோபர்ல வந்து பார்ப்பாங்க. வித்துட்டு இங்க வந்துடு. அம்மாவும் அதான் சொல்றாங்க" என்றாள்.

அம்மாவிடம் போனைக் கொடு என்றேன். கொடுத்தாள். நீ, "ஓயார்ஸ், சின்னவ கட்டில்லேர்ந்து இறங்கிட்டா, அப்புறம் பேசறேன்" என்றாய். அப்புறம் என்றால் எந்த அப்புறம் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். நான் இன்னும் இங்குனாவுக்குப் பதில் சொல்லவில்லை. கோபம் இல்லை. உன் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள். உப்பைக் குறை.

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது, நீதான் இல்லை.

ஓயார்ஸ்.

---

உப்மலி,
செப்டம்பர் 14.

என் ராஸ்மா,

உருளைக்கிழங்கு தோண்டி முடித்துவிட்டேன். எல்மார்ஸ் குதிரையைப் போல் முன்னால் தோண்டிக்கொண்டே போக, வெல்தா பொறுக்கினாள். முழங்கால் காரணமாக நான் மேற்பார்வை. "மூணு பேர்ல ரெண்டு பேர் வேலை செய்யுறோம், ஒருத்தர் மட்டும் முதலாளி" என்று வெல்தா சொன்னாள். ஆப்பிள் இந்த வருடம் அதிகம். யாருக்கு ஜாம் போடுவது என்று தெரியாமல் அப்படியே கூடையில் வைத்திருக்கிறேன்.

ரைதிஸ் வந்துவிட்டுப் போனான். ஆகஸ்ட் கடைசி என்றால் ஆகஸ்ட் கடைசி, அந்தப் பையன் சொன்ன சொல் மாறவில்லை. இரண்டு கம்பத்தையும் பார்த்துவிட்டு அவன் என்னைத் திட்டுவான் என்று தயாராக நின்றேன். திட்டவில்லை. நடு மரத்தின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது போயிடுச்சு ஐயா" என்றான், வீட்டில் ஒருவர் போய்விட்டதைச் சொல்கிற மாதிரி. வீட்டுக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் மொத்தமாகச் சாய்க்க முடியாது. கயிறு கட்டி, மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றையும் கயிற்றிலேயே இறக்கினான். உன் கண்ணாடிக் கூடாரத்தில் ஒரு கண்ணாடிகூட விரியவில்லை. அந்த விறகு அடுக்கியாகிவிட்டது. அடுத்த குளிருக்குக் காயும்.

கிழக்கு மரத்தைக் காப்பாற்றலாம் என்கிறான். பக்கத்தில் விட்ட நாலு குச்சியில் நிமிர்ந்து நிற்கிற ஒன்றைத் தலையாக விட்டுவிட்டு, மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக்க வேண்டுமாம். ஒரேயடியாக வெட்டினால் அதுவும் போய்விடும். வேர் மேலேயே ஓடுகிற மரம் என்பதால் அடியில் கொத்தவே கூடாதாம், வெயில் நாளில் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம், இலைச் சருகை அங்கேயே போட வேண்டுமாம். நான் முப்பத்தைந்து வருடமாகச் சுத்தமாகக் கூட்டி எரித்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருடம் பிடிக்கும் என்று கேட்டேன். "நாலஞ்சு வருஷம். யாராவது கூடவே இருந்து பார்த்துக்கணும்" என்றான்.

இப்போது சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். கிணற்றோர மரத்தில் ஏறினான். ஆணிச் செருப்பு போடவில்லை, பட்டை காயப்படும் என்று கயிற்றிலேயே ஏறினான். தலையைத் தொடவில்லை. உள்ளே நெருக்கியடித்து நின்ற கிளைகளில் ஐந்துக்கு ஒன்று எடுத்தான். கீழே தொங்கினதை ஜன்னல் உயரத்துக்கு மேலே நிற்கும்படி நறுக்கிவிட்டான். மத்தியானம் ஏறினவன் காப்பி நேரத்துக்கு இறங்கிவிட்டான். கீழே நின்று பார்த்தால் என்ன வெட்டினான் என்றே தெரியவில்லை. மரம் அப்படியே இருக்கிறது, அதே உயரம். உள்ளே போனேன். அந்தப் பக்கச் சுவரில் வெயில் விழுந்திருந்தது.

நான் மேஜையில் உட்கார்ந்துவிட்டேன் ராஸ்மா. முப்பத்தைந்து வருடமாக ஒன்று மரம், இல்லையென்றால் உன் வெளிச்சம் என்று நினைத்துப் பிடித்த பிடியை விடாமல் இருந்தேன். நீயும் அப்படி நினைத்துத்தான் ஒருநாள் கேட்பதை நிறுத்தினாய். ஒரு கயிறும் பொறுமையும் உள்ள ஒருவனை ஒரே ஒரு மத்தியானம் கூப்பிட்டிருந்தால் போதும். எனக்கு அழுகை வந்தது. ரைதிஸ் காப்பிக் கோப்பையோடு வெளியே போய் நின்றுகொண்டான். நல்ல பையன்.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் இங்குனா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். உன் அறையில் கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறதாம். காலையில் காப்பி எடுத்துக்கொண்டு நீ அங்கே உட்கார்ந்தால் பேத்திகள்கூடப் பக்கத்தில் வரக்கூடாதாம். "அம்மா பாட்டுகூடப் பாடறாங்கப்பா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ பாடிக் கேட்டு எவ்வளவு வருடம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்மையினால் நீ வரவில்லை என்று நான் நம்புகிற மாதிரி இருந்தேன். நீயும் நான் நம்புகிறேன் என்று நம்புகிற மாதிரி இருந்தாய். போதும். மூன்று மாதம் மூன்று வருடமானது பேத்திகளால் மட்டும் இல்லை. அவர்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. எனக்குத் தெரியாதா?

உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. உண்மையைச் சொன்னால் உன்னை நினைத்து நினைத்து எனக்குத் தாங்கவில்லை. ஆவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டினால், அலுப்புத் தீர முதுகில் பிர்ச் இலைக் கொத்தால் அடித்துவிட ஆளில்லை. எல்மார்ஸ் அடிக்கிறேன் என்கிறான், அவன் பழைய பகையை எல்லாம் அதில் தீர்த்துக்கொள்கிறான். ரொட்டி வாங்கினால் பாதி பூசணம் பிடிக்கிறது. ஆனால் இதையெல்லாம் சொல்லி உன்னைத் திரும்பக் கூப்பிட எனக்கு என்ன உரிமை என்று முதல்முறையாகத் தோன்றுகிறது.

ரீகாக்காரர்கள் அக்டோபர் பத்தாம் தேதி வருகிறார்கள். இங்குனா வீடு விற்கிற காகிதங்களை அனுப்பிவிட்டாள். உன் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருக்கும் என்று பயந்துகொண்டே பிரித்தேன். போடவில்லை. உன் பெயருக்கு எதிரே காலியாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு பக்கம் நம்பிக்கை, ஒரு பக்கம் பயம். நானும் போடவில்லை.

ஒரே ஒரு உதவி செய். இதற்குப் பதிலை இங்குனா வாயால் அனுப்பாதே, போனிலும் வேண்டாம். உனக்கு எழுதுவது பிடிக்காது என்று தெரியும். மளிகைச் சீட்டு மாதிரி ஒரு வரி எழுது, போதும். நீ அங்கே வா என்று எழுதினால், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பூனையை வெல்தாவிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். இரண்டு மரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டிய விதத்தை அந்த ரீகாக்காரர்களுக்கு எழுதி வைத்துவிடுவேன். நான் வருகிறேன் என்று எழுதினால் நீ வருகிறவரைக்கும் இருப்பேன், ஒரு வருடமானாலும் சரி. இரண்டும் இல்லை, இப்படியே இருக்கட்டும் என்றால், ராஸ்மா, அதையும் நீயே எழுது. படித்துக்கொள்வேன்.

நாற்பத்தொரு வருடத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன் உன்னிடம். கதவைச் சாத்து, விளக்கை அணை, கொஞ்சம் பொறு. ஒன்றை மட்டும் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன், கோபிக்காமல் பதில் சொல். உனக்கு எங்கே இருக்கப் பிடித்திருக்கிறது?

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும், எந்த ஊரில் இருந்தாலும்.

ஓயார்ஸ்.